மானிப்பாய் டாக்டர் கிறீன்

வைத்தியத் தொழிலுக்கு உதவியாளராய் அமைய விரும்பும் இளைஞர் நூலறிவு பெற்றாற் போதாது. வைத்தியசாலையிலேனும் அவசர சிகிச்சை நிலையத்திலேனும் சில காலம் நின்று, நோயாளர் நடுவிற் பழகுதல் வேண்டும் என்பது இக்காலத்தே பல நாடுகளிலும் விதியாக இருக்கின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் முன்னோர் எப்பொழுதோ அறிந்திருந்தனர். இவ்வாறு பயிற்றும் முறையை, நம் யாழ்ப்பாணத்திலே பரீட்சைக் கழகமும் பட்டமளிக்குஞ் சபையும் இல்லாத ஒரு காலத்தில், ஓர் ஊரின் மருந்துச்சாலையையே கல்லூரியாக்கி நடத்தியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் பெயரை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. எனினும், அவரை நோய் தீர்த்தவராக அறிந்த அளவுக்கு, நோய் தீர்ப்பாரை ஆக்கியவராக நாம் அறிந்திலேம். அதுபற்றியே அன்னாரின் சரித்திரத்தை இங்கு எழுதப் புகுந்தோம்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10 ஆந் திகதி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாச்சுசெற்ஸ் மாகாணத்திலே வூஸ்ரர் என்னும் நகரில், கிறீன் ஹில் என வழங்கிய தம் குடும்பப் பண்ணையிற் பிறந்தார். அதே ஆண்டு திசெம்பரில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கதொன்று. கிறீனுக்கு இரண்டாண்டு மூத்த தமையனாராகிய ஆண்ட்ரூ கிறீன் சட்டம் பயின்று, நியூயோர்க் நகரின் மத்திய பூங்கா அமைவதற்கும், 1898 இல் அந்நகரைச் சூழ்ந்த ஊர்களெல்லாம் ஒரு மாநகராய் இணைவதற்கும் பெரிதும் உழைத்துப் புகழ் பெற்றவர். தமையனார் மாநகரொன்றை ஆக்கினார். தம்பியார் மானிப்பாயில் அடங்கினார். உலகம் தமையனாரையே பெரியவராக எண்ணிற்று. யாழ்ப்பாணத்தாராகிய நாம் வேறு கணக்கு வைத்திருக்கின்றோம்.

1845 இல் கிறீன் நியூயோர்க்கிலுள்ள வைத்தியர் சத்திரவைத்தியர் கல்லூரியிலே பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 16 ஆந் திகதி, அவருடைய சொந்த மாகாணத்தின் தலைநகராகிய பொஸ்ரனில், ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து நோயாளியை நினைவிழக்கப் பண்ணி, அறுவை செய்து காட்டினர். சத்திரவைத்தியம் புதுப்பிறவி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. திறமையுடைய இளைஞர் ஒருவர் அந்நாட்டிலேயே தங்கிப் பொருளும் பெயரும் ஈட்டியிருக்கலாம். கிறீனோ 1847 ஆம் ஆண்டு கப்பலேறி, அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார்.

அமெரிக்க மிசனார் 1816 முதல் இங்கே உழைத்து வந்தனர். அவர்களுள் முதல் வைத்தியராகிய ஜோன் ஸ்கடர் 1819 இல் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியஞ் செய்து, 1836 இல் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருக்குப்பின் நேதன் வார்ட் என்பார் வட்டுக்கோட்டையில் இருந்தார். ஆயினும் இவ்விலங்கையிலே வைத்தியங் கற்க விரும்பும் ஓர் இளைஞன் புகுதற்கு ஒரு கல்லூரி இருந்திலது. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இலேயே தோன்றியது. சென்னையிலோ 1835 முதல் வைத்தியப் பள்ளி இருந்ததெனினும், யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பிள்ளையொருவனுக்குக் கடல் கடந்த அப்பள்ளி எட்டாக் கனியே.

1848 இல் கிறீன் மானிப்பாயிற் குடிபுகுந்தார். அவ்வாண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். வந்து ஓராண்டு நிரம்பியும் நிரம்பாததுமான வேளையிலே, தம் மொழிப்பயிற்சியே முற்றுப்பெறாத நிலையிலே, அவர் இதனைத் தொடங்கியமை கவனிக்கத்தக்கது. காரணம் வெளிப்படை. நோயாளரோ குடாநாடு முழுவதும் பரந்திருந்தனர், வைத்தியரோ ஒருவர். அவர் எத்துணை விரைந்து ஓடினும், ஓரூரில் இருக்கையில் மற்றோரூரில் இல்லாதவரே.

அம்மருந்துச்சாலைக்கு எத்தகைய நோயாளர் வந்திருப்பர் என்பதை யாழ்ப்பாண வாழ்வை அறிந்தோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பனையிலிருந்து தவறி வீழ்ந்தோர், மாடு முட்டியோர், பாம்பு தீண்டியோர், வேலித் தகராற்றிலே கத்திவெட்டுப் பட்டோர், பிள்ளைப்பேற்றில் இரண்டு நாள் துன்புற்றபின் கொண்டுவரப்பட்டோர், எல்லா வைத்தியமும் பார்த்துக் கைவிட்டபின் ஈற்றில் இதையும் பார்ப்போம் என்று வந்தோர் ஆகிய இவர்களே ஒரு மருந்துச்சாலைக்கு உரிய பாடப்புத்தகம். மாணாக்கர் நூலிற் கற்ற எலும்பை அங்கே முறிந்த நிலையிற் கண்டனர். நூலிலே நாடி ஓடும் வழியைக் காட்டும் கோடு ஒன்று இருக்கும். அங்கே அவ்வழியிலிருந்து குருதி பாயும். குருதி பாய்வோன் முன் நிற்கும் மாணாக்கன் இதற்கு எத்தனையாம் அதிகாரம் என்று தேடவியலாது. விரலை எங்கே வைத்து அழுத்துவது என்பது விரலுக்கே தெரிந்திருத்தல் வேண்டும்.

இப்பயிற்சி எப்பொழுதும் மூன்று படியாக நடப்பது. முதலில் மாணாக்கன் ஆசிரியர் செய்வதைக் கண்டு நிற்பான். பின்னர் ஆசிரியர் கண்டு நிற்க அவன் செய்வான். அதன்பின் ஆசிரியர் அடுத்த அறையில் இருக்கவே அவன் செய்வான். இம்மூன்றனுள் இரண்டாவதே மிகக் கடினமானது. அது மாணாக்கனுக்கன்று, ஆசிரியருக்கே. தாம் செய்யின் அரை நாழிகையில் முடியும் வேலையைப் பிறன் தடுமாறிச் செய்யக் கண்டு கைகட்டி நிற்றல் திறமையாளர்க்கு எளிதன்று.

நம் சமூகத்துக்கே உரிய இன்னுமோர் இடர் இருந்தது. சாதி வேற்றுமை மிகக் கடுமையாய் இருந்த அந்நாளிலே, சீழ் கழுவுதலும், குருதி தோய்ந்த சீலை அலசுதலும், இறந்தார் உடலைத் தொடுதலும் குடிப்பிறந்தோர் என்று தம்மைக் கருதியவர்க்கு இழிதொழிலாகத் தோன்றின. வைத்தியம் படித்தல் மேன்மை, புண் கழுவுதல் தாழ்வு என்று எண்ணிய ஒருவன் மருந்துச்சாலையில் ஒரு நாளும் நிலைத்திருக்க முடியாது. கிறீன் பயிற்றிய இளைஞர் இந்தத் தடையைத் தாண்டினர் என்பது அவர்கள் கற்ற பாடங்கள் யாவற்றிலும் சிறியதன்று என்பது நம் துணிபு.

1850 இல் அரசாங்க அதிபர் டைக் என்பாரின் முயற்சியால் யாழ்ப்பாண நகரிலே ஒரு வைத்தியசாலை எழுந்தது. பின்னாளிற் பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது அதுவே. அங்கும் கிறீனின் மாணாக்கர் தொண்டு செய்தனர். 1857 இல் அவர் தாயகஞ் சென்று ஐந்தாண்டு அங்கே தங்க நேர்ந்தபொழுது, மானிப்பாய் மருந்துச்சாலையின் வேலையைத் தாங்கியவர்களும் அவர்களே. ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் கடுமையான பரீட்சை ஏது? பரீட்சையில் இருந்தோர் மாணாக்கர், மதிப்பெண் ஆசிரியருக்கு.

வாந்திபேதியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 1850 ஐ அடுத்த ஆண்டுகளிலும், மறுபடியும் 1866 இலும், இக்கொள்ளைநோய் யாழ்ப்பாணத்தைப் பீடித்தது. நாட்டார் வைத்தியரும் மேனாட்டு வைத்தியரும் அந்நோயின் காரணத்தை அறியாதிருந்த காலம் அது. இலண்டன் நகரிலே ஜோன் சினோ என்பார் 1854 இல் அது குடிநீரால் பரவுவதைக் காட்டியிருந்தும், அதனை ஏற்றோர் சிலரே. நீரும் உப்பும் உடலைவிட்டு நீங்குவதாலேயே நோயாளி இறக்கின்றான் என்பதும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகுவித்தே பெரும்பாலோரைப் பிழைப்பிக்கலாம் என்பதும் நூறாண்டுக்குப் பின் வங்காளத்திலும் பிற இடங்களிலும் ஆராய்ந்து நிறுவப்பட்டவை. ஆகவே கிறீனும் அவர் மாணாக்கரும் அந்நோய்க்குக் கொடுத்த மருந்தின் பயன் சிறிதே என்று இன்று கூறவேண்டியிருக்கின்றது. ஆயினும், உறவினரே விட்டு ஓடும் வீட்டினுள் நுழைந்து, நோயாளியின் அருகில் இருக்க ஒருவன் பழகியிருத்தல் மருந்தைக் காட்டிலும் அரிதாய்க் கிடைப்பது. அப்பழக்கத்தை அவர்கள் பெற்றிருந்தனர்.

இனி, அவர் வரலாற்றின் நடுப்பொருளுக்கு வருவோம். முதற் சில ஆண்டுகளில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலக் கல்வி பெற்ற பிள்ளைகளே அவரிடம் வந்தனர். அச்செமினரி 1855 இல் மூடப்பட்டது. கிறீன் தம் உழைப்பின் விளைவை நோக்கினார். ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றோர் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியூர்களுக்குச் சென்றனர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். வயதான தாய்தந்தையரும் மணமாகாத தங்கையரும் உள்ள ஒரு வீட்டில் மாதச் சம்பளம் என்பது எளிய பொருளன்று. ஆனால், எந்தக் கிராமத்துக்கு வைத்தியன் வேண்டும் என்று அவர் பாடுபட்டாரோ, அந்தக் கிராமம் முன்போலவே வெறிதாயிற்று.

1862 இல் மனைவியாரோடு திரும்பி வந்தபின், அவர் தம் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழிற் கற்றவன் தமிழர் நடுவிலேயே இருப்பான் என்பது அவர் எண்ணம். அத்துடன், நோயாளியிடம் வினவுவதும் அவனுக்கு விடை சொல்வதும் தமிழாயிருக்க, அவ்விரண்டுக்கும் இடையே வைத்தியன் எண்ணுவது மட்டும் ஆங்கிலமாயிருத்தல் எதற்கு என்றும் அவர் கருதியிருத்தல் கூடும். மாணாக்கர் அங்கியும் சப்பாத்தும் தொப்பியும் தரித்து ஐரோப்பியரைப்போல் நடப்பதையும் அவர் விரும்பிலர். ஊராரின் உடையும் உணவும் வாழ்க்கையும் உடையோராகவே அவர்கள் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையை நாம் முழுமனத்தோடு புகழ வேண்டுமா என்று கேட்போரும் உளர். ஆங்கிலத்தால் வரும் உயர்வைத் தாம் அறிந்த ஒருவர், அவ்வாயிலைப் பிறர் பிள்ளைகளுக்கு அடைத்துவிட்டு, உங்களுக்குக் கிராமமே போதும் என்று கூறுதல் நீதியோ என்பது அவர்கள் வினா. வினா நேரியதே. எத்துணிபுக்கும் விலை உண்டு. இத்துணிபின் விலையை மாணாக்கரே கொடுத்தனர். தமிழிற் கற்றவனுக்கு அரசாங்கப் படியில் ஏறுதல் அரிதாயிற்று. கிறீனோடு நாம் உடன்படுவது வேறொரு காரணம் பற்றி: அவர் வாயிலை அடைத்துவிட்டுப் போகவில்லை. அவ்வாயிலுக்குள் இருந்த பொருளையெல்லாம் தலைமேற் சுமந்து வெளியே கொண்டுவர முயன்றார்.

அம்முயற்சியின் அளவைக் கேட்போர் வியப்பர். உடலமைப்பும் உடற்றொழிலும் சுகநெறியும் பற்றிய கற்றர் என்பாரின் நூலை முதலில் தமிழாக்கினார். பிள்ளைப்பேறு பற்றிய மோன்செல் என்பாரின் நூல் அதனைத் தொடர்ந்தது. 1867 இல் துரூயிற் என்பாரின் சத்திரவைத்திய நூல் இரணவைத்தியம் என்னும் பெயரோடு வெளிவந்தது. 1872 இல் கிறே என்பாரின் பெருநூல் மனுஷ அங்காதிபாதமாகவும், ஹூப்பர் என்பாரின் நூல் வைத்தியாகரமாகவும் வெளிவந்தன. இலண்டனில் 1858 இல் முதன்முதல் அச்சேறி, இன்றும் உலகெங்கும் வைத்திய மாணாக்கர் கையிலிருக்கும் கிறேயின் நூல், பதினான்கே ஆண்டிற் தமிழிற் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்க. பின்னர் 1875 இல் கெமிஸ்தமும், 1883 இல் மனுஷ சுகரணமும், 1884 இல் இந்து பதார்த்த சாரமும் வெளிவந்தன. எல்லாஞ் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும்.

இவ்வேலை அவர் ஒருவர் வேலையன்று. தன்போர்த், சாப்மன் முதலிய அவர் மாணாக்கர் உடனிருந்து உழைத்தனர். இப்பெயர்களைக் கேட்டு இவர்கள் அமெரிக்கர் என்று மயங்கற்க. பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்களை இங்குள்ள பிள்ளைகளுக்கு இடுதல் அந்நாளைய மிசன் வழக்கம். மருந்துச்சாலையில் ஆசிரியருக்குக் கைகொடுத்தவர்களே மேசையிலும் கைகொடுத்தனர். புண்ணைக் கட்டியறிந்தவன் புண்ணுக்குரிய சொல்லைத் தேடுவது ஒரு வகை. அகராதியை மட்டும் பார்த்துத் தேடுவது வேறொரு வகை.

சொல் ஆக்கத்திலும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழ் வழக்கிலும் தமிழ் வைத்திய நூல்களிலும் தேடுவார். அங்கே கிடையாதாயின் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்தாதவற்றை ஆங்கில ஒலியோடு தமிழெழுத்தில் எழுதுவார். அங்காதிபாதம் என்னும் சொல், முடிமுதல் அடிவரை வருணிக்கும் நம் புலவரின் கேசாதிபாதத்தை நினைவூட்டி, உடலைக் கூறுகூறாகச் சொல்லும் நூலுக்கு எத்துணை இயல்பாக அமைகின்றது! கெமிஸ்தம் என்பதைக் கேட்டு இன்றைய மாணாக்கர் நகைக்கலாம். அங்காதிபாதத்தை உடலமைப்பியல் என்றும், சுகரணத்தை உடற்றொழிலியல் என்றும், கெமிஸ்தத்தை இரசாயனம் என்றும் வேதியியல் என்றும் பின்வந்தோர் மாற்றினர், மாற்றியது தக்கதே. எனினும், மாற்றுவதற்கு முதலில் ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ?

இங்கே நாவலரை மீண்டும் நினைக்கின்றோம். மிசனாரின் சமயத்தை நாவலர் வன்மையாய் எதிர்த்தவர். கிறீன் அம்மிசனின் ஊழியராகவே வந்து, மருந்தோடு வேதத்தையும் போதித்தவர். இதனை மறைத்தெழுதுதல் சரித்திரமாகாது. ஆனால், ஓராண்டிற் பிறந்த இவ்விருவரும், சில கல் தூரத்திலே இருந்துகொண்டு, அச்சுக்கூடத்தைத் துணைக்கொண்டு, தமிழ் வசனத்தின் மேல் ஒரே பாரத்தை ஏற்றினர். செய்யுளால் இயலாதவற்றை வசனம் சொல்ல வேண்டும் என்பதே அப்பாரம்.

1873 இல் கிறீன் உடல்நலங் குன்றி யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். இக்காலத்துள் அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே கற்றவர். பிறந்த ஊரிலிருந்தும் அவர் ஓய்ந்திலர். கையெழுத்துப் பிரதிகள் கடல் கடந்து போயும் வந்துமிருந்தன. வூஸ்ரரிலே பனி பெய்யும் மாதங்களில் ஒருவர் அமர்ந்து, வேம்பும் கடுக்காயும் பற்றித் தமிழெழுத்திற் திருத்தம் எழுதிய காட்சியை அவ்வூரார் எவ்வாறு நோக்கினரோ!

அவருடைய முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு விடை அவர் நூல்களின் ஆண்டுகளிலேயே இருக்கின்றது. இரணவைத்தியம் வெளிவந்த 1867 ஆம் ஆண்டிலேதான் லிஸ்ரர் என்பார், புண் சீழ்ப்பிடிப்பதைக் காபோலிக் அமிலத்தாற் தடுக்கும் தம் முறையை வெளியிட்டார். அதுமுதல் சத்திரவைத்தியம் முழுவதும் மாறிற்று. இந்து பதார்த்த சாரம் வெளிவந்த 1884 இலே கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் வாந்திபேதியின் கிருமியை ஐயமறக் காட்டினார். ஒவ்வொரு நூலும் அச்சின் மை உலருமுன் முதுமையடைந்துகொண்டிருந்தது. அது நூலின் குற்றமன்று. வளர்கின்ற கலையின் இயல்பு. ஆங்கில நூல்களும் அவ்வாறே முதுமையடைந்தன. ஆனால் அவற்றைத் திருத்திப் புதுக்குவோர் ஆண்டுதோறும் இருந்தனர். தமிழ் நூல்களைத் திருத்துதற்கு அவருக்குப்பின் ஒருவரும் அமர்ந்திலர். தமிழ் வகுப்பும் நின்றது. ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின்னர், 1978 இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் தோன்றியபொழுது, அங்கே பாடமொழி ஆங்கிலமாகவே அமைந்தது.

டாக்டர் கிறீன் 1884 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆந் திகதி, தாம் பிறந்த கிறீன் ஹில்லிலேயே உயிர் நீத்தார். கல்லறையில் தம்மைத் தமிழருக்கு வைத்திய ஊழியராய் இருந்தவர் என்று குறித்தாற் போதும் என்பது அவர் விருப்பம்; அவ்வண்ணமே குறித்திருக்கின்றனர். வூஸ்ரர் நகரத்துக் கல்லறைத் தோட்டத்திலே தமிழர் என்னும் பெயரை வாசிக்கும் வழிப்போக்கர், அவர் யாவர் என்று வினவுதல் கூடும். மானிப்பாயிலே அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் இருக்கின்றது.